பன்னிரண்டு வோல்ட் கணக்கு

‘எஸ்எம்பிஎஸ் போயிட்டு, மாத்திரணும்.’ திருநெல்வேலிச் சந்திப்பிலோ பாளையங்கோட்டையிலோ எந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் காதில் விழும் தீர்ப்பு இது. மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் என்றால் நாலு கடை ஏறி இறங்கி விசாரிப்பவர்கள்கூட, கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் என்ற இந்தத் தகரப் பெட்டி விஷயத்தில் ‘450 வாட்’ என்ற எண்ணையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். மற்ற பாகங்கள் அத்தனைக்கும் சோறு போடுவது இந்தப் பெட்டிதான். கணினியில் வேறு எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், இங்கே கூடாது. வெயிலும் ஏறி இறங்கும் மின்சாரமும் உள்ள தாமிரபரணிக் கரையில் அறவே கூடாது என்பது என் கட்சி.

பாபநாசத்தில் 1944இல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு சேர்வலாறு நீர்மின் நிலையம், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள், 2013இல் மின்தொகுப்போடு இணைந்த கூடங்குளம் முதல் அணுஉலை என்று இந்த மாவட்டமே மின்சாரம் விளையும் பூமியாகிவிட்டது. எங்கே விளைந்தாலும் வீட்டுப் பிளக்குக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணினி கேட்பதோ 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரம். பழைய ரேடியோ எலிமினேட்டர் போல விநாடிக்கு 50 சுழற்சி கொண்ட மின்சாரத்தை நேரடியாக டிரான்ஸ்ஃபார்மரில் விட்டு இறக்கினால், இவ்வளவு வாட்டுக்குப் பல கிலோ இரும்பும் செம்பும் வேண்டும். எஸ்எம்பிஎஸ் வேறு வழியில் போகிறது. உள்ளே வரும் மின்சாரத்தை முதலில் நேராக்கிக் கட்டைவிரல் தடிமனுள்ள மின்தேக்கியில் சேர்க்கிறது. 230 வோல்ட் அலையின் உச்சம் 325 என்பதால் அங்கே தேங்குவது ஏறத்தாழ 325 வோல்ட். சில வகைகளில் 380க்கும் மேல். அதை டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகின்றன. வெட்டும் வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறுத்துக்கொண்டே வரும். இங்கே அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. மறுபக்கம் வரும் தாழ்ந்த வோல்ட்டின் நடுக்கத்தை இன்னொரு வரிசை மின்தேக்கிகள் அடக்குகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் அந்த முதல் மின்தேக்கியில் உயிரைக் குடிக்கும் மின்னூட்டம் இருக்கும் என்பதால், பெட்டியை மாற்றலாமே தவிர, பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்கக் கூடாது.

சரி, 450 வாட் என்பது என்ன? பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். பார்க்க வேண்டியது அதில் 12 வோல்ட் வரியை. அங்கே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். மிச்சம் 258 வாட் எங்கே என்றால், 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டியிருப்பார்கள். சில சீட்டுகளில் எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த எண் வராது. 1990களின் கணினிகளில் பிராசசர் 5 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுத்தது. 2000இல் பென்டியம் 4 வந்தபோது 12 வோல்ட்டுக்கென்றே தனியாக நாலு முனைச் சொருகி சேர்ந்தது. அதிலிருந்து பிராசசரும், பின்னாளில் கிராபிக்ஸ் கார்டும் உண்பது பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான். 5 வோல்ட்டில் வாரி வழங்கி 12 வோல்ட்டில் கையைச் சுருக்கும் பெட்டி, போன தலைமுறைக் கணினிக்குச் செய்த பெட்டி.

வெயிலின் கணக்கு இதைவிட முக்கியம். சர்வீஸ் கடையில் ‘கெப்பாசிட்டர்’ என்று சொல்லும் அந்த மின்தேக்கிகளுக்குள் திரவம் ஊறிய தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் அந்தத் திரவம் மெல்ல மெல்ல வற்றும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் எல்லாரும் கைக்கொள்ளும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று முத்திரையிட்ட மின்தேக்கி, பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால் நாலு முறை இரட்டித்து 32,000 மணி நேரம் வரும். ஆண்டுக்கு 3,000 மணி நேரம் ஓடும் டிடிபி கடையில் அது பத்து ஆண்டைத் தாண்டும். மலிவுப் பெட்டியில் அதே இடத்தில் 85 டிகிரி மின்தேக்கியைப் போட்டால் 8,000 மணி நேரம்தான், அதாவது மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடும். ஏசி அறையில் 25 டிகிரியில் வைத்த கணினியையும், சித்திரை மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 38 டிகிரியில் ஓடும் கணினியையும் ஒப்பிட்டால் ஆயுள் இன்னும் பாதிக்கு மேல் தேயும். ‘80 பிளஸ்’ முத்திரையைப் பார்த்து வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி அறையில். அது அளப்பது முக்கியமாக மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை. நெல்லையின் மே மாதத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும் இருக்கும்போது எந்தப் பெட்டியானால் என்ன என்பது அடிக்கடி எழும் கேள்வி. மின் நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வோல்ட்டேஜ் சீராக வந்துவிடாது. தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடு எவ்வளவு தூரம், அதே லைனில் எத்தனை மோட்டார் ஓடுகிறது என்பதே அதை முடிவுசெய்யும். மானூர், ஆலங்குளம் பக்கம் கிணற்று மோட்டார் கிளம்பும்போது டியூப் லைட் கண் சிமிட்டுவதை யாரும் பார்க்கலாம். வோல்ட் குறைந்தால் எஸ்எம்பிஎஸ் கூடுதல் ஆம்பியரை இழுத்து ஈடுகட்டும், அதனாலேயே இன்னும் சூடாகும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏற்பதற்குள் சில மில்லி விநாடி இடைவெளி உண்டு. அந்த நேரத்தில் கணினியைத் தாங்குவது முதல் மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்சாரம்தான். முறையான பெட்டி கணிசமான சுமையிலும் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மின்தேக்கி வற்றியதும் அது முடியாமல் போகிறது. கரண்ட் போகும்போதெல்லாம் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. பழி பேட்டரி மேல் விழுகிறது. இன்வெர்ட்டரின் சுவிட்ச் ‘யுபிஎஸ்’ பக்கம் இருந்தும் இப்படி நடந்தால், பேட்டரிக்குப் பணம் போடும் முன் வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பது நல்லது.

மலிவுப் பெட்டி போட்டு ஐந்து வருஷமாக ஓடுகிறதே என்ற எதிர்வாதத்தையும் தட்டிவிட முடியாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினி பெரும்பாலான நேரம் 100 வாட்டைக்கூடத் தொடாது. அந்த லேசான சுமையில் எந்தப் பெட்டியும் தாங்கும். அதனால்தான் 650, 750 வாட் வாங்கச் சொல்வதும் தவறு என்கிறேன். பில் போடும் கணினிக்கு உண்மையான 300 வாட் தாராளம். காசை வாட்டில் கொட்டாமல் தரத்தில் போட வேண்டும். ஏனென்றால் பெட்டி எப்போது சாகிறது என்பதோடு எப்படிச் சாகிறது என்பதும் முக்கியம். 12 வோல்ட் 11.4க்குக் கீழேயோ 12.6க்கு மேலேயோ போகக் கூடாது. எல்லையை அதிகம் மீறினால் தன்னை அணைத்துக்கொள்ளும் காவல் சுற்று நல்ல பெட்டியில் இருக்கும். அதற்கான சில ரூபாயை மிச்சம் பிடித்த பெட்டி, போகும்போது ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும். டிஸ்க்கை வாங்கிவிடலாம், ஒரு ஸ்டுடியோக்காரர் அதில் வைத்திருந்த கல்யாணப் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

உப்பிய மின்தேக்கியை மட்டும் மாற்றினால் மின்கழிவு குறையுமே என்பது நியாயமான யோசனை. கைதேர்ந்தவர் செய்தால், நல்ல பெட்டிக்கு அது தகும். வெள்ளத்தில் நனைந்த பெட்டிக்கு மட்டும் கூடவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டு சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. தரையில் வைத்த கேபினட்டுகளில் தண்ணீர் முதலில் தொட்டிருக்கக்கூடியது எஸ்எம்பிஎஸ்ஸை, புது மாடல்களில் அது அடித்தட்டில் இருப்பதால். பெட்டிக்குள் இருக்கும் பலகையின் நடுவில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு, செம்புத் தடம் ஓடாத ஒரு வெற்றுப் பட்டை உண்டு. ஒரு பக்கம் 325 வோல்ட், மறு பக்கம் நம் கை தொடும் 12 வோல்ட். இரண்டு வயலுக்கும் நடுவே வரப்பு மாதிரி. வெள்ளம் வடிந்த பிறகு அந்த வரப்பின்மேல் வண்டல் படிந்திருக்கும். வெயிலில் காயவைத்தால் தண்ணீர் போகும், வண்டல் போகாது. அடுத்த மழைக்காலத்தின் ஈரக்காற்றில் அது மறுபடியும் ஈரம் கோத்துக்கொள்ளும்.