அடுக்கில் ஒரு விலை, கவுண்டரில் ஒரு விலை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையானாலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையானாலும் திரும்பத் திரும்பப் பார்க்கும் கூத்து இது. அடுக்கில் 7 ரிங்கிட் 90 சென் என்று ஒட்டியிருந்த பருப்பு, கவுண்டரில் 8 ரிங்கிட் 50 சென்னாக ஏறுகிறது. வாங்கும் அக்கா திரையைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பின்னால் நிற்கும் வரிசைக்குக் கூச்சப்பட்டுக் கொடுத்துவிடுகிறார். ரசீது வாசல் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. வீடு சேர்ந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "விலைவாசி தாங்கல" என்று ஒரு புலம்பல். அந்தப் புலம்பலைப் படிக்க அமைச்சில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அறுபது சென்னுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள், மாதம் முழுக்க வாங்கும் பொருள்களில் இப்படி எத்தனை அறுபது சென் போகிறது என்று கூட்டிப் பார்க்கட்டும். காசு பத்தாதபோது முதலில் கைவிடப்படுவது கீரையும் மீனும்தான். சோறும் மெகியும் தட்டில் தங்கிவிடும்.

விலையைக் குறித்து வாங்குபவரைக் குழப்புவது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காசு கொடுப்பதற்கு முன்பே வாயைத் திறங்கள். "ஹர்கா டி ராக் லாயின், ஹர்கா டி காவுந்தர் லாயின்" என்று மலாயில் சொன்னால் எந்தக் கவுண்டர் பையனுக்கும் புரியும். பெரும்பாலும் அங்கேயே திருத்திக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் சண்டை வேண்டாம். அடுக்கில் இருக்கும் விலைச் சீட்டைப் பொருளோடு சேர்த்துப் படம் எடுங்கள், ரசீதை வாங்குங்கள், வெளியே வாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியதைத்தான் பலரும் செய்வதில்லை. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு, அதாவது கே.பி.டி.என்.னுக்கு, 019-848 8000 என்ற எண்ணில் வாட்ஸ்அப் அனுப்பலாம். 1-800-886-800 என்ற எண்ணில் பேசலாம். இ-அடுவான் இணையத்தளத்திலும் ஈஸி அடு செயலியிலும் புகார் பதியலாம். "அந்த முக்குக் கடையில் கொள்ளை" என்று எழுதினால் எந்த அதிகாரியும் அசையமாட்டார். ரசீதில் அச்சாகியிருக்கும் கடைப் பெயரையும் முழு முகவரியையும் எழுதுங்கள். நாள், நேரம், பொருளின் பிராண்டு, எடை, அடுக்கு விலை, வசூலித்த விலை எல்லாம் இருக்க வேண்டும். விலைச் சீட்டின் படத்தையும் ரசீதின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புகார் எண் இல்லாவிட்டால் பிறகு விசாரிக்கப் பிடிமானம் இருக்காது. பண்டிகைக்கு முன்னால் கேமராக்களோடு சந்தையைச் சுற்றிவரும் அமைச்சர்கள், மீதி நாள்களிலும் இந்த எண்களைக் கடைவாசலில் பெரிய எழுத்தில் ஒட்டச் சொன்னால் பாதி வேலை முடியும்.

தீபாவளிக் காலத்துக்கு உச்ச விலை அறிவிக்கிறார்கள் அல்லவா, அந்தப் பொருள்களுக்குக் கடைக்காரர் இளஞ்சிவப்பு நிற விலைச் சீட்டு வைக்க வேண்டும். உச்ச விலையைத் தாண்டி விற்றால் 2011-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தனியாளுக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. நிறுவனத்துக்கு 5 லட்சம் வரை. இவ்வளவு கடுமையான சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இளஞ்சிவப்புச் சீட்டு எதற்கென்றே தெரியாமல் அதைக் கடந்து போகிறோம்.

ஆண்டு முழுக்க விலை கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களும் உண்டு. உள்ளூர் வெள்ளை அரிசி, அதாவது பெராஸ் பூத்தே தெம்பாத்தான், 10 கிலோ 26 ரிங்கிட். ஒரு கிலோ பொட்டல எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென். "எண்ணெய் வேண்டுமென்றால் இதையும் சேர்த்து வாங்கு" என்று கடைக்காரர் நிபந்தனை போட்டால், அது 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு எதிரானது. அதற்கும் அதே வாட்ஸ்அப் எண்தான்.

ஆனால் கட்டுப்பாட்டு விலையில் கிடைப்பதெல்லாம் உடம்புக்கு நல்லதென்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் சீனியும் இருக்கிறது, கிலோ மூன்று ரிங்கிட்டுக்கும் கீழே. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னால் நிற்கிறோம். டின்னில் வரும் இனிப்பு கிரீமரைப் பால் என்று நம்பிப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. டின்னைத் திருப்பி, உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். அதிக எடையுள்ளதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் சீனியும் செம்பனைக் கொழுப்பும் இருந்தால் அது பால் அல்ல.

முட்டைக் கணக்கிலும் ஏமாறுகிறோம். 'ஏ', 'பி', 'சி' என்பது எடைதான், தரமோ சத்தோ அல்ல. 'ஏ' 65 கிராமிலிருந்து, 'சி' 55 கிராமிலிருந்து. விலைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் 'ஏ' 42 சென், 'சி' 38 சென். கிராமுக்கு வகுத்துப் பார்த்தால் பெரிய முட்டையே மலிவு! 2025 ஆகஸ்ட் 1 முதல் உதவித்தொகையும் கட்டுப்பாடும் நின்றுவிட்டன. கடைக்குக் கடை விலை மாறும். கைப்பேசியில் வகுத்துப் பாருங்கள். பருப்புக்கும் ஓட்ஸுக்கும் இதே கணக்குதான். சால்மன் மீனுக்கு ஏங்க வேண்டாம். கெம்போங் மீனிலும் ஒமேகா-3 உண்டு. மீனும் காய்கறியும் பாசாரில் வாங்கும்போது தராசில் அந்த ஆண்டுச் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், எண் உங்கள் பக்கம் தெரிகிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்கு அருகே எந்தக் கடையில் என்ன விலை என்று ஒப்பிட, அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலி இலவசம்.

தேதி கடந்த பொருள், புழு வைத்த மாவு என்றால் போகவேண்டிய கதவு வேறு. அது சுகாதார அமைச்சின் வேலை. கிள்ளான்காரர்கள் கிள்ளான் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும், தலைநகரில் இருப்பவர்கள் கூட்டரசுப் பிரதேசச் சுகாதாரத் துறைக்கும் புகார் செய்ய வேண்டும். அருவருப்பில் பாக்கெட்டைக் குப்பையில் போடாதீர்கள். மீதியை அப்படியே கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பொருள் இல்லாமல் புகார் நிற்காது. மறுபடியும் சொல்கிறேன், எறியாதீர்கள்.

அரசாங்கத்தின் சாரா உதவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை செலவிட, 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவரின் மைகாட்டிலும் 100 ரிங்கிட் சேர்க்கப்பட்டது. அதற்குப் பதிவும் கிடையாது, விண்ணப்பமும் கிடையாது. "பதிவு செய்ய இங்கே அழுத்தவும்" என்று வரும் இணைப்பு மோசடிதான். அதை உறவினர்களுக்கு அனுப்பிவைக்கும் பெரியவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

இன்னொரு குழப்பம். கே.பி.டி.என்.னிடம் புகார் கொடுத்தால் கடைக்குத் தண்டனை கிடைக்கலாம். உங்கள் காசு தானாகத் திரும்பி வராது. காசு வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம், மலாயில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, கடைக்காரர் பெரிய வக்கீலைக் கூட்டி வருவாரோ என்ற பயம் வேண்டாம். இணையத்திலும் பதியலாம், நேரிலும் போகலாம். தலைமையகம் புத்ராஜெயாவில் இருக்கிறது. போராங் 1-இல் வாங்குபவராக உங்கள் பெயரையும், எதிர்த்தரப்பாகக் கடையின் பதிவுப் பெயரையும் எழுதுங்கள். பலகையில் உள்ள பெயரும் பதிவுப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரசீதின் தலைப்பில் பாருங்கள். இங்கே தவறினால் அறிவிப்பு யாருக்குமே போய்ச் சேராது. எதிர்த்தரப்புக்குப் பதில் தர 14 நாள். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதுவே ஒரு குற்றம். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்ற பலகை கெட்டுப்போன பொருளுக்குச் செல்லாது. ஒட்டுக்கடை வியாபாரத்துக்கென்று வாங்கிய அரிசிக்கு மட்டும் இந்தத் தீர்ப்பாயம் இல்லை; வீட்டுக்கு வாங்கியவர்களுக்குத்தான்.

கோருவதற்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. கவுண்டர் ரசீதின் எழுத்தோ சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.