கழுத்துக்கு மேலே மனிதர், கீழே பொம்மை! மினியேச்சர் சிலையில் துணியைத் துணியாகக் காட்டுவது எப்படி?

முகம் பிரமாதமாக வந்திருக்கும். கண்ணில் ஈரம், வெயிலில் கன்றிய மூக்கு, இரண்டு நாள் தாடியின் நீலச் சாயல் எல்லாம் கச்சிதம். ஆனால், கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால் ஏதோ இடிக்கும். கழுத்துக்கு மேலே மனிதர் தெரிவார். கழுத்துக்குக் கீழே பிளாஸ்டிக் பொம்மை தெரியும்.

வரலாற்று மினியேச்சர் சிலைகளுக்கு வண்ணம் தீட்டுபவர்கள் பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். தோலுக்கு மூன்று வாரம் செலவழிப்பார்கள். உடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைப்பார்கள். ஆனால், ஒரு மார்பளவுச் சிலையில் பாதிக்கும் மேல் கண்ணில் படுவது துணிதான். அது பொய்யாகத் தெரிந்தால் முகமும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

துணியைத் துணியாகக் காட்ட என்ன செய்ய வேண்டும்? 1815-ல் வாட்டர்லூ போரில் நின்ற ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் சிவப்பு கோட்டை வைத்தே பார்க்கலாம்.

'பஸ்ட்' என்றால் என்ன?

தலை, தோள், மார்பு வரை மட்டும் உள்ள சிறு சிலைக்குத்தான் 'பஸ்ட்' என்று பெயர். பெரும்பாலும் ரெசினில் வார்க்கப்படும். 1:10 அளவு என்றால் நிஜத்தில் 10 சென்டிமீட்டர் இருப்பது சிலையில் 1 சென்டிமீட்டர். தொப்பியோடு சேர்த்தாலும் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

அளவு மாறினால் வேலையும் மாறும். வில்லியம் சிபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1830-களில் வாட்டர்லூ போர்க்களத்தையே மாடலாகச் செய்தார். அதில் 70,000-க்கும் மேற்பட்ட தகரச் சிப்பாய்கள். இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். அவ்வளவு சின்ன சிப்பாய்க்கு ஒரு பொட்டு சிவப்பு வைத்தாலே கோட்டாகிவிடும். பஸ்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. காலர் தையல், பட்டன் இழுக்கும் சுருக்கம், தோளில் வெளுத்த நிறம் என எல்லாமே கேள்வி கேட்கும்.

சிவப்பில் எத்தனை சிவப்பு?

கடையில் 'ஸ்கார்லெட்' என்று எழுதிய பாட்டிலை வாங்கி அப்படியே பூசுவதுதான் முதல் தவறு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தில் எல்லோருக்கும் ஒரே சிவப்பு கிடையாது.

சாதாரண சிப்பாயின் கோட்டுக்கு மேடர் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த சாயம். நம்மூர் மஞ்சிட்டி இதற்கு உறவுச் செடி. விலை குறைவு, நிறம் செங்கல்லைப் போல சற்று மங்கல். அதிகாரிகளின் கோட்டுக்கு கோச்சினீல் சாயம். மெக்சிகோவில் கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து எடுப்பது. விலை அதிகம், நிறம் கண்ணைப் பறிக்கும். துணியும் அதிகாரிக்கு மென்மையானது, சிப்பாய்க்கு முரடு. அதாவது யார் எஜமான், யார் ஏவலாள் என்பதை அந்தச் சிவப்பே சொல்லிவிடும்.

இந்தப் பூச்சிச் சாயத்துக்கு அன்று எவ்வளவு மவுசு என்பதற்கு சென்னையிலேயே சாட்சி உண்டு. 18-ம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இதை இங்கேயே உற்பத்தி செய்யும் ஆசையில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். மெக்சிகோ தரத்துக்குச் சாயம் கிடைக்கவில்லை, முயற்சி நிலைக்கவில்லை.

ஆக, சிப்பாய்க்கு அதிகாரியின் சிவப்பைப் பூசினால் அது வெறும் வண்ணப் பிழை மட்டுமல்ல, வரலாற்றுப் பிழையும்கூட. மேடர் சிவப்புக்கு, சிவப்போடு கொஞ்சம் பழுப்பு சேருங்கள். இன்னும் மங்க வேண்டுமென்றால் துளி பச்சை. சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை என்பதால், பளபளப்பை அது அடக்கிவிடும்.

கம்பளியா, லினனா, பட்டா?

நிறத்தைவிட முக்கியம் வெளிச்சம். எந்தத் துணி என்பதை நம் கண் கண்டுபிடிப்பது, அது வெளிச்சத்தை எப்படித் திருப்பி அனுப்புகிறது என்பதை வைத்துத்தான்.

*கம்பளி:* மேலே மெல்லிய ரோமம் இருப்பதால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். பளிச்சென்ற கோடு எங்கும் விழாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெதுவாக இறங்கும். துணி தடிமன் என்பதால் மடிப்புகளும் அகலமாக, உருண்டையாக இருக்கும்.

*லினன்:* சிப்பாயின் உள்சட்டை. மெல்லியது, மடிப்புகள் கூர்மையாக, கசக்கிய காகிதம்போல உடையும்.

*பட்டு:* அதிகாரி இடுப்பிலோ தோளிலோ கட்டும் கருஞ்சிவப்புக் கச்சை. வெளிச்சம் குறுகலாக, கூர்மையாக விழும். பக்கத்திலேயே சட்டென்று இருட்டு வரும்.

*தோல் பட்டை:* மார்பில் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைகள். வெள்ளைக் களிமண் தூளைப் பூசிப் பூசி வெளுப்பாக்கியவை. எனவே மினுமினுப்பு கூடாது. ஓரத்தில் சின்ன வெடிப்புகள், பக்கத்துச் சிவப்புத் துணியில் லேசான வெள்ளைத் தூள்.

இப்போது பிரச்சினை புரியும். கம்பளி மடிப்பின் உச்சியில் மெல்லிசாக ஒரு பளிச் கோட்டை இழுத்த அடுத்த நொடி, அது பட்டாகிவிடுகிறது. மேலே வழவழ பெயின்ட்டும் இருந்தால் பிளாஸ்டிக்!

இதைப் புரிந்துகொள்ள வகுப்பு எதுவும் வேண்டாம். ஒரு பழைய ஸ்வெட்டரையும் ஒரு பட்டுப் புடவையையும் ஜன்னல் ஓரம் நாற்காலியில் போட்டு, மொபைலில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். நிறம் போனதும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். லியோனார்டோ டா வின்சியே இளம் வயதில், களிமண் உருவங்கள் மேல் களிமண்ணில் தோய்த்த துணியைப் போர்த்தி, மடிப்பு அசையாமல் நிற்கவைத்து வரைந்து பழகியதாக வசாரி எழுதியிருக்கிறார். துணி அவருக்கே தனிப் பாடம் என்றால் நமக்கு?

இழைகளை வரைய வேண்டுமா?

இப்போது பலரும் செய்வது இது: உடை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக முடி போன்ற கோடுகள் இழுத்து நெசவைக் காட்டுவது. பார்க்க அசத்தலாக இருக்கும். ஆனால், எல்லா இடத்திலும் சரியா?

ஒரு சின்ன கணக்கு. 1:10 சிலையை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ மனிதரை 3 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அரை மில்லிமீட்டர் இழையை 3 மீட்டரிலிருந்து சாதாரணக் கண்ணால் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. தெரிவது இழை அல்ல, மொத்தமாக ஒரு மென்மை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சிவப்பு கோட்டின் கம்பளியை நெய்த பிறகு ஈரத்தில் இடித்து இறுக்குவார்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னி, நெசவே தெரியாமல் மேற்பரப்பு மூடிக்கொள்ளும். வெட்டிய ஓரம்கூடப் பிரியாது. அந்தக் கோட்டில் கட்டம் கட்டமாக இழை வரைந்தால், உழைப்புக்குப் பாராட்டு கிடைக்கலாம். துணி மட்டும் அந்தத் துணியாக இருக்காது.

கோடு இழுக்கும் முறையை லினனுக்கோ முரட்டுச் சாக்குத் துணிக்கோ வைத்துக்கொள்ளலாம். இறுக்கிய கம்பளிக்கு ஏற்றது புள்ளி குத்துவது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

*கழுவுங்கள்:* அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. எனவே, மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்க்க வேண்டும்.

*வெளிச்சத்தை முடிவு செய்யுங்கள்:* முழுக்கக் கறுப்பு பிரைமர் அடித்து, காய்ந்ததும் மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே செய்யுங்கள். சூரியன் எங்கே இருக்கிறது என்பது சிலையிலேயே பதிந்துவிடும். அதை மொபைலில் படம் எடுத்துவையுங்கள். பெயின்ட் அடித்ததும் இது மறைந்துவிடும்; அப்போது அந்தப் படம்தான் வழிகாட்டி. அறையில் நாலு பல்பு எரியும்போது மடிப்புகளின் நிழல் கலைந்துவிடுகிறது. அதனால்தான் வெளிச்சத்தையும் நிழலையும் பெயின்ட்டிலேயே தீட்ட வேண்டியிருக்கிறது.

*அடிப்பூச்சு:* அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டு நீர்த்து, மெல்லிசாக இரண்டு மூன்று முறை. ஒரே தடவையில் தடியாகப் பூசினால் மடிப்பு நுணுக்கங்கள் அடைபடும்.

*நிழல்:* சிவப்போடு கறுப்பு சேர்த்தால் கரி பூசினதுபோல் இருக்கும். அடர் பழுப்பு, கருநீலம் கலந்த ஊதா, அல்லது கரும்பச்சை சேருங்கள். அக்குள், காலருக்கு அடியில், பட்டைக்குக் கீழே என்று துணி இறுகும் இடங்களில் நிழல் ஆழமாக இருக்கட்டும். மடிப்புகள் எப்போதும் எங்கிருந்தோ புறப்படும். பட்டன், தையல், மூட்டு ஆகியவைதான் அவற்றின் பிறப்பிடம்.

*வெளிச்சம்:* சிவப்போடு வெள்ளை சேர்த்தால் ரோஸ் ஆகிவிடும். ஆரஞ்சு, காவி, தோல் நிறம் கலந்து ஏற்றுங்கள்.

*புள்ளி குத்துவது:* இதுதான் கம்பளியின் உயிர். முனை தேய்ந்த பழைய பிரஷ்ஷில் கொஞ்சம் பெயின்ட் எடுத்து, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, மெதுவாகக் குத்துங்கள். வெளிச்சப் பகுதியில் இளநிறப் புள்ளிகள், நிழலில் அடர்ந்த புள்ளிகள், நடுவில் இரண்டும் கலந்து. பிறகு, மிகவும் நீர்த்த சிவப்பை மேலே ஒரு படலமாக ஓட்டினால் புள்ளிகள் ஒன்றுகூடும். மறுபடி குத்துங்கள். இந்தச் சுற்று மூன்று நான்கு முறை நடக்கும். பொறுமை வேண்டும், வேறு வழியில்லை.

*பட்டு என்றால் ஆயில்:* அதிகாரியின் கச்சைக்கு ஆயில் பெயின்ட் வசதி. மெதுவாகக் காயும் என்பதால் நிறங்களை இழைக்க நேரம் கிடைக்கும். பளபளப்பு அதிகம் வேண்டாம் என்றால், பெயின்ட்டை முதலில் அட்டைத் துண்டில் பிதுக்கி வையுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

*கடைசியில்:* கம்பளிக்கு மேட் வார்னிஷ், பட்டுக்கு சாட்டின் வார்னிஷ். முழுச் சிலைக்கும் ஒரே வார்னிஷ் அடித்தால் இத்தனை உழைப்பும் ஒரே பளபளப்பில் கரைந்துபோகும்.

அந்தக் கோட்டு எங்கே இருந்தது?

புதுத்துணி போலப் பளிச்சென்று முடித்தால் அது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோட்டு. போர்க்களத்துக் கோட்டு வேறு.

வெயில் முதலில் வெளுக்கவைப்பது தோள்களையும் மேல் முதுகையும்தான். குறுக்குப் பட்டைக்கு அடியில் இருந்த துணி வெயிலே பார்க்காது. பட்டை கொஞ்சம் நகர்ந்தால், அங்கே பழைய ஆழ்ந்த சிவப்பு ஒரு கோடாகத் தெரியும். இந்த ஒரு சின்ன விவரம், அவர் அந்தக் கோட்டை எத்தனை மாதம் கழற்றாமல் போட்டிருந்தார் என்பதைச் சொல்லிவிடும்.

1815 ஜூன் 18 போர் நடந்த நாள். முந்தைய இரவு கொட்டித் தீர்த்த மழையில், திறந்தவெளியில் படுத்திருந்தவர்கள் அந்தச் சிப்பாய்கள். நனைந்த துணி ஏன் கருக்கிறது? நார்களுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. வெளிச்சம் சிதறித் திரும்புவது குறைந்து, உள்ளேயே இறங்கி அடங்கிவிடுகிறது. எனவே, ஈரக் கம்பளிக்கு கறுப்பு தேவையில்லை. அதே சிவப்பு, இன்னும் அடர்த்தியாக, ஓரம் கலைந்த திட்டுகளாக வர வேண்டும். வெளுத்த தோள் மேல் நனைந்த திட்டு. இரண்டையும் ஒரே இடத்தில் காட்ட முடிந்தால், பார்ப்பவருக்குக் குளிர் எடுக்கும்.

முதல் முறை செய்பவர்களுக்கு...

முதல் சிலையிலேயே பட்டுக் கச்சையும் தங்கச் சரிகையும் உள்ள தளபதியை எடுக்காதீர்கள். ஒரே துணி, பெரிய மடிப்புகள் உள்ள சாதாரணச் சிப்பாயே நல்லது. சாம்பல் ஓவர்கோட்டு போட்டவர் இன்னும் நல்லது. சிவப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். கம்பளியை மட்டும் பழகலாம்.

பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டாம். சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு. ஸ்பிரே அடிப்பதை பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. சிலையின் முகத்தை விரலால் மறைத்துவிட்டு, உடையை மட்டும் பழக்கமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். "இது என்ன துணி?" என்று கேளுங்கள். "கம்பளி மாதிரி இருக்கு" என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. "பெயின்ட் நல்லாருக்கு" என்று சொன்னால், பழைய பிரஷ்ஷை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.