கேபிளை முறுக்காதீர்!

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, மின்கம்பங்களோடு கேபிள் டி.வி. வயர்களும் அறுந்து தொங்கின. "முறுக்கி டேப் சுத்தினா போதும்பா" என்ற பேச்சை எங்கள் தெருவில் நானும் கேட்டேன். போதாது நண்பர்களே!

வீட்டுக்கு வரும் ஆர்.ஜி.6 கோஆக்சியல் கேபிளின் இம்பீடன்ஸ் 75 ஓம்ஸ். மல்டிமீட்டரில் தேடினால் இது கிடைக்காது, அது டி.சி. தடையை அளக்கும் கருவி. இதுவோ உயர் அதிர்வெண் சிக்னல் சந்திப்பது. நடுக்கம்பியின் விட்டம், வெளிப்பின்னலின் விட்டம், இடையிலுள்ள ஃபோம் மூன்றும் சேர்ந்து இதை நிர்ணயிக்கின்றன. முறுக்கிய இடத்தில் இந்த அமைப்பு கலைந்து, சிக்னலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். செட்டாப் பாக்ஸில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

தேவை: ஸ்ட்ரிப்பர், கிரிம்பிங் டூல், இரண்டு எஃப் கனெக்டர், ஒரு ஜாயிண்டர். மேலுறையைச் சுமார் 12 மி.மீ. சீவி, பின்னலைப் பின்னால் மடியுங்கள். நுனியில் 6 மி.மீ. நடுக்கம்பி தெரியும்படி ஃபோமை வெட்டுங்கள். பின்னல் இழை ஒன்றுகூட நடுக்கம்பியில் படக்கூடாது, பட்டால் ஷார்ட்! கனெக்டரைச் செருகிக் கிரிம்ப் செய்து, ஜாயிண்டரில் முடுக்குங்கள். வெளியிடமானால் மழைநீர் இறங்காதபடி மூடுங்கள்.

வைவாவில் "75 ஓம்ஸை மீட்டர் ஏன் காட்டவில்லை?" என்றால் இனி முழிக்க வேண்டாம்!