பெற்றோர் தந்ததும் நம் கையில் உள்ளதும்

தென்னந்தோப்பைப் பாகம் பிரிக்கும்போது ஆனைமலைப் பகுதிக் குடும்பங்கள் மரங்களை எண்ணுகின்றன. கிணற்றின் பங்கையும் எழுதி வைக்கின்றன. ஆனால் பெற்றோரின் உடலிலிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் சொத்தை எவரும் எழுதி வைப்பதில்லை. தாத்தா எதனால் இறந்தார் என்று கேட்டால், "நெஞ்சு வலித்தது, போய்விட்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததா, எந்த வயதில் தொடங்கிற்று என்பன மறந்து போகின்றன. பெண்ணின் திருமணப் பேச்சு தடைபடுமோ என்று அஞ்சி, அறிந்தே மறைக்கும் வீடுகளும் உண்டு.

இம்மௌனம் ஆபத்தானது. பருத்த இடுப்பு, உயர்ந்த இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 100க்கு மேற்பட்ட சர்க்கரை, மிகுந்த டிரைகிளிசரைடு கொழுப்பு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று ஒருவரிடம் சேர்ந்திருப்பதை மருத்துவர்கள் 'மெட்டபாலிக் சின்ட்ரோம்' என்கின்றனர். நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இதுவே வாசல். தொடக்கத்தில் வலியோ காய்ச்சலோ இராது. ஆதலால் குடும்ப வரலாறே முதல் எச்சரிக்கை.

பரம்பரை என்பது இரத்தம் மட்டுமன்று. ஒரே அடுப்பின் உணவும் ஒரே வீட்டின் பழக்கமும் அதில் அடங்கும். கமலை கட்டி நீர் இறைத்து, கம்பங்களியும் சோளச்சோறும் உண்ட முன்னோரின் உடலமைப்பு நமக்கு வந்தது; அவர்களுடைய உழைப்பு வரவில்லை.

அவ்வாறாயின் இது தலைவிதியா? அன்று. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நீரிழிவு அபாய மதிப்பெண் முறையைக் காண்போம். மொத்தம் 100. வயதுக்கு 30 வரை; உழைப்பின்மைக்கு 30 வரை; இடுப்புச் சுற்றளவுக்கு 20 வரை; பெற்றோர் இருவருக்குமே நீரிழிவு இருந்தால் 20, ஒருவருக்கெனில் 10. கூட்டுத்தொகை 60 ஆனாலே அபாயம் அதிகம்.

தந்தைக்கு நீரிழிவு உள்ள, கடையில் அமர்ந்தே பணிபுரியும் 40 வயது ஆண் ஒருவரின் இடுப்பு 94 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அவர் பெறுவது 70. அவரே நாள்தோறும் உடற்பயிற்சி செய்து, இடுப்பை 90க்குள் கொண்டுவந்தால் 60க்குக் கீழ் இறங்கிவிடுவார். தந்தை தந்த 10 மாறாது. தாமே சேர்த்துக்கொண்டது குறையும்.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை ஆராய்ந்து, முடிவுகளை 2006இல் வெளியிட்டனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளுக்குள் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினரே அவ்வாறாயினர்.

ஆகவே குடும்பத் தலைவர்களும் தாய்மார்களும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் வந்த நோயையும், வந்த வயதையும் எழுதுங்கள். பேறுகாலத்தில் சர்க்கரை கண்ட தாய்மார் அதையும் குறிக்க வேண்டும். நவம்பர் 2 அன்று கல்லறையில் உறவினர் கூடும்போது மூத்தோரிடம் கேட்டறியலாம். ஆண்கள் இடுப்பு 90, பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என அளந்து பாருங்கள். குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் முப்பது வயதிலிருந்தே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்ளலாம். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நோய் வராமலிருக்காது. அறிந்து நடப்பவளுக்கோ அதைத் தள்ளிப்போடவும் தடுக்கவும் வழி உண்டு.