ஒலிபெருக்கிக் கம்பி: விலையா, தடிமனா?

பள்ளி ஒலிபெருக்கிக்குக் கம்பி வாங்கச் சென்றால், ‘விலை கூடினால் ஒலியின் தரமும் கூடும்’ என்பார்கள். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தைக் கொண்டே இதைச் சோதிக்கலாம்.

கம்பியின் மின்தடை நீளத்துக்கு நேர்விகிதத்திலும், குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் அமையும். 1 சதுர மி.மீ. தாமிரக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 20 மீட்டர் தொலைவில் 8 ஓம் ஒலிபெருக்கி இருந்தால், போக வர 40 மீட்டர். மின்தடை சுமார் 0.7 ஓம். ஒலிபெருக்கியைச் சேரும் திறன் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். 2.5 சதுர மி.மீ. கம்பியில் இது 7 விழுக்காட்டுக்குள் அடங்கும். முனையிலுள்ள தங்கமுலாம் களிம்பேறாமல் காக்கும், இக்கணக்கை மாற்றாது.

மைக் கம்பியில் வடிவமைப்பு முக்கியம். மைக் தருவது மில்லிவோல்ட் அளவிலான சைகை. அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சல் அதில் எளிதில் கலக்கும். முறுக்கிய இரு கம்பிகளும் சுற்றிலும் உலோக வலையும் கொண்ட ‘பேலன்ஸ்டு’ கேபிளில், இரண்டிலும் சமமாக நுழையும் இரைச்சலை அதற்குரிய ஆம்ப்ளிஃபயர் கழித்துவிடும்.

நம் பள்ளிக் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மாணவர்களே அளந்து, இழப்பைக் கணக்கிடட்டும். விளம்பரத்தைக் கணக்கால் சோதிக்கும் பழக்கம் அங்கே தொடங்கும். பள்ளி நிதியும் வீணாகாது.