ஆஸ்திரேலிய பி.ஆர்.: ஆறு இலக்க எண்ணில் தொடங்கும் கணக்கு

உங்கள் விசிட்டிங் கார்டில் ‘டெக்னிக்கல் லீட்’ என்றோ ‘சீனியர் அசோசியேட்’ என்றோ இருக்கலாம். ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை வைத்திருக்கும் தொழில் பட்டியலில் அப்படி ஒரு தொழிலே கிடையாது. அதில் இருப்பவை 261313 சாஃப்ட்வேர் இன்ஜினியர், 233211 சிவில் இன்ஜினியர், 341111 எலக்ட்ரீஷியன் என ஆறு இலக்க எண்ணோடு கூடிய தொழில்கள். உங்கள் அன்றாட வேலை இவற்றில் எந்த எண்ணுக்குள் வருகிறது என்பதை வைத்துத்தான் எந்த விசா, எந்த அமைப்பின் மதிப்பீடு, எத்தனை புள்ளி என்பதெல்லாம் முடிவாகும்.

நம்மூரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஆங்கிலத் தேர்வு, அப்புறம் ஏஜென்ட், கடைசியில்தான் “என்ன கோடு போடலாம்?” என்ற கேள்வி. அதற்குள் பணமும் ஒரு வருடமும் போயிருக்கும். சரியான வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தொழில் எண்

இந்த எண்கள் ‘ஆன்ஸ்கோ’ என்ற தொழில் வகைப்பாட்டிலிருந்து வருகின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து புள்ளிவிவரத் தேவைக்காக உருவாக்கிய வகைப்பாடு இது. ஒவ்வொரு தொழிலுக்கும் அதில் செய்யும் பணிகள், தேவையான படிப்பு அல்லது அனுபவம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். 2024 டிசம்பரில் ‘ஓஸ்கா’ என்ற புதிய வகைப்பாட்டை ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை வெளியிட்டிருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும்போது உங்கள் விசாவுக்கு எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சமையல்காரர்களின் நிலை நல்ல உதாரணம். செஃப் என்பது 351311, குக் என்பது 351411. நட்சத்திர ஹோட்டல் கிச்சனில் இருவரும் ஒரே அடுப்பின் முன் நிற்பார்கள். ஆனால் வகைப்பாட்டின்படி செஃப் என்பவர் மெனுவைத் திட்டமிடுவார், பொருள்செலவும் ஆள்செலவும் கணக்கிடுவார், கிச்சன் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து மேற்பார்வை செய்வார். குக் என்பவர் உணவைத் தயாரித்துச் சமைப்பவர். குடிவரவுத் துறையின் தொழில் பட்டியல்களுள் செஃப் நீண்டகாலத் தேவைப் பட்டியலில் இருக்கிறார். குக் குறுகியகாலப் பட்டியலில் இருக்கிறார். விளைவு, செஃபுக்குத் திறந்திருக்கும் ஒரு நேரடி விசா (189) குக்குக்கு மூடியே இருக்கிறது. உங்கள் வேலை ஆர்டரில் ‘செஃப்’ என்று போட்டிருந்தும் நாள் முழுக்கத் தந்தூரி அடுப்பில் மட்டும் நின்றிருந்தால், மதிப்பீட்டாளர் உங்களைக் குக் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஐ.டி.யிலும் இதே கதைதான். சாஃப்ட்வேர் இன்ஜினியர் நீண்டகாலப் பட்டியலில், சாஃப்ட்வேர் டெஸ்டர் (261314) குறுகியகாலப் பட்டியலில். டெஸ்டிங் செய்துகொண்டே ‘இன்ஜினியர்’ எண்ணுக்குப் போட்டால் மதிப்பீட்டிலேயே விழும்.

நாலு வாசல்கள்

விசா 189: யாருடைய ஸ்பான்ஸரும் வேண்டாம். கிடைத்த நாளிலிருந்தே பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை; நாட்டில் எங்கும் வசிக்கலாம். உங்கள் தொழில் நீண்டகாலத் தேவைப் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

190: ஒரு மாநிலம் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். இதுவும் முதல் நாளிலிருந்தே பி.ஆர். பரிந்துரைக்கு 5 புள்ளி கூடுதல். குறுகியகாலப் பட்டியலில் உள்ளவர்களும் வரலாம். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வேண்டிய தொழில்களையும் நிபந்தனைகளையும் தானே வைத்துக்கொள்ளும்.

491: இது ஐந்து வருட தற்காலிக விசா. மாநிலமோ அங்கே வசிக்கும் தகுதியுள்ள உறவினரோ பரிந்துரைத்தால் 15 புள்ளி. ‘ரீஜனல்’ பகுதியில் வசித்து, அங்கேயே வேலை பார்க்க வேண்டும். ரீஜனல் என்றதும் பாலைவனத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் பெருநகரப் பகுதிகள் நீங்கலாக மற்றவை எல்லாம் இந்தக் கணக்கில் ரீஜனல்தான். பெர்த், அடிலெய்டு, கான்பெரா உட்பட. நிபந்தனைகளைக் காப்பாற்றி மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு, அந்த ஆண்டுகளின் வருமான வரி மதிப்பீட்டுச் சான்றுகளுடன் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போகலாம்.

நான்காவது, முதலாளி வழி. 2024 டிசம்பர் 7 முதல் பழைய தற்காலிக வேலை விசாவின் இடத்தில் ‘ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்’ என்ற விசா வந்திருக்கிறது. இதன் பிரதானப் பிரிவுக்கு 456 தொழில்கள் கொண்ட தனிப் பட்டியல் உண்டு. ஸ்பான்ஸர் செய்யும் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தபின் 186 என்ற நிரந்தர விசாவுக்கு முதலாளி பரிந்துரைக்கலாம். இதில் புள்ளிக் கணக்கு கிடையாது. ஆனால் உங்கள் எதிர்காலம் ஒரு முதலாளியின் கையெழுத்தைச் சார்ந்திருக்கும்.

திறன் மதிப்பீடு

189, 190, 491 மூன்றுக்கும் அழைப்பு வரும் முன்பே திறன் மதிப்பீடு கையில் இருக்க வேண்டும். இதைச் செய்வது அரசின் விசா அலுவலகம் அல்ல. அந்தந்தத் தொழிலுக்கான அமைப்புகள். ஐ.டி.க்கு ஏசிஎஸ், பொறியியலுக்கு ‘இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா’, செவிலியருக்கு ‘அன்மாக்’, கைத்தொழில்களுக்கு டிஆர்ஏ, பொதுவான பல தொழில்களுக்கு ‘வெட்டசெஸ்’.

ஐ.டி.க்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் அனுபவக் கழிவு. ஏசிஎஸ் உங்கள் மொத்த அனுபவத்தையும் அப்படியே கொடுத்துவிடாது. நீங்கள் ‘திறன் பெற்ற’ நாள் என்று ஒன்றைக் குறித்து, அதற்குப் பிந்திய ஆண்டுகளையே புள்ளிக்கு ஏற்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு அதோடு நெருங்கிய வேலையில் இருப்பவருக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் கழியும். படிப்புக்கும் வேலைக்கும் நெருக்கம் குறைந்தால் நான்கு. எட்டு வருட அனுபவத்துக்கு 15 புள்ளி என்று எண்ணியிருந்தவருக்கு ஆறு வருடமே மிஞ்சும், புள்ளி 10. மெக்கானிக்கல் படித்து கேம்பஸில் ஐ.டி. கம்பெனிக்குப் போனவர்கள் நம்மிடம் ஏராளம். அவர்கள் இரண்டு புராஜெக்ட் அறிக்கைகளும் எழுதித் தர வேண்டும். கழியும் ஆண்டுகளும் இன்னும் கூடும்.

பொறியாளர்களின் விஷயம் வேறு. இந்தியாவும் இலங்கையும் 2014இல் ‘வாஷிங்டன் ஒப்பந்தம்’ என்னும் பொறியியல் கல்வி அங்கீகார உடன்பாட்டில் முழு உறுப்பினர்களாயின. ஆனாலும் எல்லா பி.இ.யும் இதில் சேராது. இந்தியாவில் தேசிய அங்கீகார வாரியமான என்பிஏவின் ‘டயர் 1’ அங்கீகாரம் நீங்கள் படித்த காலத்தில் உங்கள் படிப்புக்கே இருந்திருக்க வேண்டும். கல்லூரியின் பெயர் மட்டும் போதாது. அது இல்லாதவர்கள் சிடிஆர் எனப்படும் அறிக்கை எழுத வேண்டும். தான் செய்த மூன்று பொறியியல் பணிகளை, ‘நாங்கள் கட்டினோம்’ என்று இல்லாமல், ‘நான் இந்தக் கணக்கைப் போட்டேன், இந்த முடிவை எடுத்தேன்’ என்று விவரிக்கும் அறிக்கை அது. இன்டர்நெட்டில் கிடைக்கும் மாதிரியை ஒட்டி அனுப்பினால் நிராகரிப்பதோடு, மீண்டும் விண்ணப்பிக்கத் தடையும் போடுவார்கள்.

செவிலியர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அன்மாக் மதிப்பீடு வேறு, அங்கே பணிபுரியத் தேவையான பதிவு வேறு. இந்தியாவிலிருந்து நேராகப் போகும் பதிவுபெற்ற செவிலியர் பொதுவாக என்கிளெக்ஸ் தேர்வையும், அடிலெய்டில் நடக்கும் செய்முறைத் தேர்வையும் முடிக்க வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கும் அப்படித்தான்; விசா கிடைத்தாலும் லைசென்ஸ் இல்லாமல் ஒரு சுவிட்சைக்கூட மாட்ட முடியாது.

புள்ளிக் கணக்கு

குறைந்தபட்சத் தகுதி 65 புள்ளி. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வயது 31, சிவில் இன்ஜினியர், பி.இ., ஐந்து வருட அனுபவம், ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கு பிரிவிலும் 7, திருமணம் ஆகவில்லை.

வயதுக்கு 30 (25 முதல் 32 வரை இதுதான் உச்சம்). பட்டத்துக்கு 15. அனுபவத்துக்கு 10. ஆங்கிலத்துக்கு 10. தனியாள் என்பதற்கு 10. மொத்தம் 75. மாநிலப் பரிந்துரையோடு 190 என்றால் 80; 491 என்றால் 90.

இதில் எதை உயர்த்த முடியும்? ஆங்கிலம்தான் முதல் இடம். நான்கிலும் 8 எடுத்தால் 20 புள்ளி. ஆனால் எழுத்தில் மட்டும் 7.5 வந்தாலும் 10லேயே நிற்கும். சராசரி இங்கே செல்லாது.

இரண்டாவது, தமிழ். ‘நாட்டி’ என்ற அமைப்பு நடத்தும் சமூக மொழித் தேர்வில் தமிழும் இருக்கிறது. தேறினால் 5 புள்ளி. இரண்டு உரையாடல்களைக் காதால் கேட்டு, ஆங்கிலத்தைத் தமிழிலும் தமிழை ஆங்கிலத்திலும் அங்கங்கே சொல்ல வேண்டும். 90க்கு 63 வேண்டும். ஒவ்வோர் உரையாடலிலும் 45க்கு 29 குறையக் கூடாது. பேச்சில் பாதி ஆங்கிலம் கலந்து பழகியவர்கள் ‘தமிழ்தானே’ என்று தயாரிப்பில்லாமல் போய்த் தோற்பதுண்டு.

மூன்றாவது, துணை. கணவரோ மனைவியோ தகுதியுள்ள தொழிலில் மதிப்பீடும் போதிய ஆங்கிலமும் பெற்றிருந்தால் 10. ஆங்கிலம் மட்டும் இருந்தால் 5. இரண்டும் இல்லையென்றால் எதுவும் இல்லை. ஆகவே அழைப்பு வரும் முன் கல்யாணம் ஆனால், தனியாளுக்கான 10 போய்விடும். துணையையும் தேர்வு எழுத வைப்பதுதான் வழி.

வயது நமக்காகக் காத்திருக்காது. 33 ஆனதும் 30 என்பது 25 ஆகும். 40 ஆனதும் 15. அழைப்பு வரும் நாளில் 45 முடிந்திருந்தால் 189, 190, 491 மூன்று விசாவுக்கும் வாசல் அடைபட்டது.

அழைப்பும் காத்திருப்பும்

தகுதி வந்ததும் ‘ஸ்கில்செலக்ட்’ என்ற இணையத் தளத்தில் விருப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகள் செல்லும். 65 என்பது வரிசையில் நிற்க அனுமதி மட்டுமே. ஐ.டி., அக்கவுன்டிங் போன்ற கூட்டம் மிகுந்த தொழில்களில் 90 புள்ளிவரை இருந்தால்தான் அழைப்பு என்ற நிலை பல சுற்றுகளில் வந்திருக்கிறது. மருத்துவத் துறை, ஆசிரியர் போன்ற தொழில்களில் அதைவிடக் குறைந்த புள்ளிக்கும் அழைத்திருக்கிறார்கள். 2025-26க்கான நிரந்தரக் குடிவரவு இடங்கள் 1,85,000. அதில் திறன் பிரிவுக்கு 1,32,200. இதற்குள்தான் எல்லா விசா வகையும், விண்ணப்பதாரரின் குடும்பத்தினரும் அடக்கம்.

அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும் விசா கட்டணம் 5,000 ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி வரும். பதிவில் எழுதிய புள்ளியை ஆவணத்தால் நிரூபிக்க முடியாவிட்டால் விசாவும் இல்லை, பணமும் திரும்பாது.

காகிதத்தில் இருக்கிறது விஷயம்

தொழில் எண்ணுக்கும் உங்களுக்கும் உள்ள உறவை நிரூபிப்பது வேலைச் சான்றுக் கடிதம். நம் நிறுவனங்கள் பலவும் கொடுப்பது மூன்று வரிக் கடிதம்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, ‘நன்னடத்தை’. இது செல்லாது. லெட்டர்ஹெட்டில், பதவி, முழுநேரமா பகுதிநேரமா, என்னென்ன பணிகள் செய்தார், கையெழுத்திடுபவர் யார், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் எல்லாம் இருக்க வேண்டும். எச்.ஆர். மறுத்தால் மேலதிகாரியிடம் ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் வாங்கி, பே ஸ்லிப், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகியவற்றோடு கொடுப்பதை ஏசிஎஸ் போன்ற அமைப்புகள் ஏற்கின்றன. வேலையை விட்டு விலகும் அன்றே இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். நான்கு வருடம் கழித்துப் போனால் மேலதிகாரியும் இருக்க மாட்டார், சில சமயம் கம்பெனியும் இருக்காது.

ஆன்ஸ்கோவில் உள்ள பணிப் பட்டியலை அச்சு அசலாகக் கடிதத்தில் இறக்குவது சந்தேகத்தையே கிளப்பும். பொய்ச் சான்று கொடுத்தது தெரிந்தால் விசா மறுக்கப்படும். பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு வேறு விசாவும் கிடைக்காது. ஏஜென்ட் செய்த பொய்யானாலும் தண்டனை விண்ணப்பதாரருக்குத்தான்.

ஏஜென்ட் வைப்பது கட்டாயம் இல்லை. வைப்பதானால், ஆஸ்திரேலிய அரசின் பதிவுபெற்ற முகவரா என்று அந்த அரசின் இணையப் பதிவேட்டில் அவருடைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து தொழில் செய்பவர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. ஆகவே அவர்கள்மேல் அந்த நாட்டில் புகார் கொடுத்துப் பெரிய பலன் இருக்காது. ‘கியாரண்டி பி.ஆர்.’ என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த கியாரண்டியை யாராலும் தர முடியாது.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கடந்த ஆறு மாதம் ஆபீஸில் உண்மையாகச் செய்த பணிகளை ஒரு தாளில் எழுதி, நீங்கள் நினைத்திருக்கும் எண்ணின் பணிப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பெரும்பாலான வரிகள் பொருந்தினால் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டலாம். பொருந்தாவிட்டால் முதலில் எண்ணை மாற்றுங்கள், இல்லையென்றால் வேலையை மாற்றுங்கள், சான்றை மாற்றாதீர்கள்.