பழைய புல்லட்டும் புதிய புல்லட்டும்

ஒரு பொருளின் உறுப்புக்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே சென்றால், ஈற்றில் எஞ்சுவது அப்பொருள்தானா, அன்றிப் பிறிதொன்றா? இலக்கண நூலார் முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் வழங்குவர். கிளை வெட்டுண்ட மரம் மரமாகவே நிற்கின்றது. வேரறுந்த மரமோ விறகாகின்றது. இரண்டும் சினைகளே. ஆயினும் ஒன்றன் இழப்பை முதல் தாங்குகின்றது. மற்றதன் இழப்பைத் தாங்குவதில்லை. இவ்வேறுபாட்டை ஆராய்தற்கு நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மோட்டார் சைக்கிள். தமிழாசிரியர்க்கு இஃது எற்றுக்கு என நகைப்பாரும் உளராவர். வண்டிப் பிரியரிடையே நெடுநாளாக நடந்துவரும் இவ்வழக்கு, பழமையைப் போற்றுவார் யாவர்க்கும் பயன்படும் என்பதே எமது விடை.

அவ்வண்டி றோயல் என்பீல்ட் புல்லட். இங்கிலாந்தில் றெடிச் என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலை 1932 ஆம் ஆண்டிலே தன் வண்டிகளுக்கு இப்பெயரை இட்டது. ‘பழைய புல்லட்’ என்று இன்று பலரும் கருதும் வடிவம் 1949 இல் விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு ஏற்றதென இந்திய அரசாங்கம் இதனைத் தெரிந்தெடுத்தது. 1955 இல் என்பீல்ட் இந்தியா என்னும் கம்பெனி நிறுவப்பெற்று, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1962 ஆம் ஆண்டளவில் உறுப்புக்கள் யாவும் இந்தியாவிலேயே ஆக்கப்பட்டன. றெடிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. தாய்மரம் பட்டுப்போகப் பதியம் தழைத்தது.

பழைய எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் உடையது. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீற்றர். பிஸ்டன் சென்று மீளும் தூரம் 90 மில்லிமீற்றர். கொள்ளளவு 346 கன சென்ரிமீற்றர். பிஸ்டனின் வீச்சு நீண்டதாதலாலும், அதனோடு சுழலும் பறப்புச் சில்லு கனத்ததாதலாலும், எஞ்சின் மெல்லச் சுழன்றபோதும் ஓயாது இழுக்கும். இரு சுழற்சிக்கு ஒருமுறையே எரிபொருள் வெடிப்பதால், ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே செவியில் விழும். புல்லட்டின் புகழ்பெற்ற ‘டுக் டுக்’ ஒலி பிறந்தது இவ்வாறே.

அதனை மிதித்துக் கிளப்புவதும் ஒரு கலை. அம்மீட்டர் முள்ளைப் பார்த்துப் பிஸ்டன் நிற்குமிடத்தை அறிதல் வேண்டும். அமுக்கம் தணிக்கும் சிறு நெம்பைப் பிடித்து, மிதியைச் சிறிது நகர்த்தி, பின்னர் நெம்பை விட்டு ஓங்கி மிதித்தல் வேண்டும். முறை தவறின் மிதி திருப்பி உதைக்கும்.

2008 ஆம் ஆண்டளவில் முதற் பெருமாற்றம் நேர்ந்தது. தனியே பூட்டப்பட்டிருந்த கியர்ப்பெட்டியும் எஞ்சினும் ஒரே கூட்டினுள் அமைந்தன. வார்ப்பிரும்புச் சிலிண்டர் சென்று அலுமினியம் வந்தது. எண்ணெய்க் கசிவு பெரிதும் குறைந்தது. வலக்காலுக்கு உரியதாயிருந்த கியர் மிதி இடக்காலுக்கும், இடக்காலுக்கு உரியதாயிருந்த பிறேக் வலக்காலுக்கும் மாறின. இரண்டாம் மாற்றம் 2020 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அவ்வாண்டு ஏப்பிரல் முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் காபுரேற்றர் விடைபெற்றது. பின்னர் முற்றிலும் புதிய எஞ்சின் ஒன்று வந்தது. 2023 செப்ரெம்பரில் புல்லட்டும் அதனைப் பெற்றது. இதன் குறுக்களவு 72, வீச்சு 85.8 மில்லிமீற்றர். எதிர்நிறை தாங்கிய தண்டொன்று உள்ளே சுழன்று அதிர்வைத் தணிக்கின்றது. மிதித்துக் கிளப்பும் மிதியோ அறவே இல்லை.

இவற்றையொட்டி எழுந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒலி மெலிந்தது, அதிர்வு போயிற்று, எனவே உயிரும் போயிற்று என்பர் ஒரு சாரார். வழியில் நின்ற வண்டியைச் சில திருகு சாவிகளைக் கொண்டு தாமே திருத்திய காலம் சென்று, கருவி பூட்டி நோயறியும் காலம் வந்துவிட்டதே என்பதும் அவர்தம் குறை. மற்றைச் சாரார், அதிர்வால் கை மரத்துப்போவதும் எண்ணெய் சிந்துவதும் உயிரின் இலக்கணமோ என வினவுவர். பிறேக் பிடிக்குங்கால் சில்லு பூட்டுண்டு வழுக்காமற் காக்கும் அமைப்பினைச் சுட்டி, ஓட்டுவான் உயிரினும் வண்டியின் உயிர் பெரிதன்று என்பர். கியர் மாற்றத்தில் இரு சாரார்க்கும் நியாயம் உண்டு. பிற வண்டிகளோடு ஒத்திருத்தல் புதிதாகப் பழகுவார்க்கு நன்று. ஆயின், பல்லாண்டு பழகிய இடக்கால், ஆபத்து வேளையில் பிறேக் என எண்ணிக் கியரையன்றோ மிதிக்கும்?

இங்கே ஒன்றை மறத்தலாகாது. பழமை விரும்பிகள் போற்றும் 1949 ஆம் ஆண்டு வடிவமும் அக்காலத்தில் ஒரு புதுமையே. பின்சில்லுக்கு விற்சுருள் அமைத்தால் வண்டி கரடுமுரடான தரையைப் பற்றி நிற்காது என அன்று ஐயுற்றோர் பலர். 1948 இல் இத்தாலியில் நிகழ்ந்த சர்வதேச ஆறுநாட் போட்டியில் அவ்வடிவம் பொற்பதக்கம் பெற்றே தன் தகுதியை நாட்டியது. இன்றைய மரபு அன்றைய மீறலாயிருந்தது.

அங்ஙனமாயின் புல்லட்டின் வேர் யாது? வார்ப்பிரும்பும் காபுரேற்றரும் கிளைகளே என்பது எமது துணிபு. ஒற்றைச் சிலிண்டரும், நீண்ட வீச்சும், பதறாது இழுக்கும் இயல்புமே வேர். அவை புதிய வண்டியிலும் உள. முன்விளக்கின் மேலிருக்கும் இரு சிறு விளக்குகளும், தாங்கியில் கையாற் தீட்டும் பொற்கோடுகளும் விடப்படாதிருத்தல், ஆக்குவோரும் இவ்வழக்கைச் செவிமடுத்தனர் என்பதற்குச் சான்று.

ஆயினும் பழமை விரும்பிகளின் குறைகளுள் ஒன்றை நாம் தள்ளமாட்டோம். பழைய புல்லட் தன்னை ஓட்டுவானைத் தன்னை அறியுமாறு வற்புறுத்தியது. பிஸ்டன் எங்கே நிற்கின்றது என்று அறியாதவன் அதனை எளிதிற் கிளப்ப இயலாது. புதிய வண்டியோ பொத்தானை அழுத்தினால் எவர்க்கும் பணிகின்றது. வசதி பெருகியது, அறிய வேண்டிய கட்டாயம் அகன்றது. இவ்விழப்பு வண்டிக்கு உற்றதன்று, மனிதனுக்கு உற்றது. ஆதலின் அதனைத் தொழிற்சாலை ஈடுசெய்ய இயலாது. அறிந்தவர் அறியாதவர்க்குக் கற்பித்தே ஈடுசெய்தல் வேண்டும்.

எமது மாணவர் எவரேனும் பழைய புல்லட் ஒன்றைக் காண நேரின், அம்மீட்டர் முள் எதனைக் காட்டுகின்றது என அதன் சொந்தக்காரரிடம் கேட்பாராக. அவர் வண்டியை நிறுத்திவிட்டு மகிழ்வோடு சொல்லிக்கொடுப்பார்.